பத்து வூடு, பதினோரு கட்சி

மாப்ள, ஒங்க அடுக்குமாடி சங்கத்துல சண்டைன்னு கேள்விப்பட்டதும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். தப்பா எடுத்துக்காத. "வேளச்சேரியில வூடு வாங்கிட்டுப் போனான், எதுத்த கதவுல இருக்கறவன் பேரு கூடத் தெரியல அவனுக்கு"ன்னு ஒங்கம்மா எங்கிட்டப் பொலம்பிக்கிட்டே இருந்தா. இப்ப பாரு, பத்து வூட்டுக்காரன் பேரும் ஒனக்குத் தலைகீழா வருது. எவன் எத்தன சதுர அடி வச்சிருக்கான், எவன் எந்த மாசத்துலேருந்து மெயின்டனன்ஸ் பாக்கி, எவன் வண்டி எவன் எடத்துல நிக்குது, எவன் மாமியாரு தண்ணிய அதிகமாத் தொறந்து வுடறாங்க, அத்தனையும் மனப்பாடம். சொந்தப் பங்காளிங்களக் கூட நம்ம குடும்பத்துல யாரும் இவ்ளோ கவனமாப் பாத்ததில்ல.

நான் பட்டணத்துல தங்கினவன் இல்ல. வெள்ளாத்துக்கு இந்தக் கரையும் புவனகிரிச் சந்தையுந்தான் எனக்கு எல்லாம். ஆனா ஊர்ச் சண்டையில அனுபவம் உண்டு. அதோட என் சம்பந்தி சிதம்பரம் கோர்ட்டுல வக்கீல் குமாஸ்தாவா இருந்தவரு. சட்டத்த அவரு சொல்லுவாரு, சண்டைய நான் சொல்லுவன். ஃபீஸ் கெடையாது. அடுத்த தடவ வரும்போது முட்டிக்குத் தேய்க்கிற தைலம் ஒரு பாட்டிலு வாங்கியா, போதும்.

ஒங்க ரெண்டாம் மாடிக்காரருக்கும் முட்டி வலியாம். அதனால லிஃப்டு வேணுங்கறாரு. கீழ் வூட்டுக்காரரு, "எனக்கு வாசப்படியே ரெண்டுதான், நான் எதுக்குங்க லிஃப்டுக்குக் குடுக்கணும்?"ங்கறாரு. ரெண்டு பேரு பேசறதும் ஞாயந்தான். அதுதான் கஷ்டம். அநியாயக்காரன் ஒருத்தன் இருந்தா சண்டை சீக்கிரம் முடிஞ்சிடும், எல்லாரும் சேந்து அவன அமுக்கிடலாம். ரெண்டு ஞாயக்காரன் மோதிக்கிட்டா ஆயுசுக்கும் ஓடும்.

இதுல ஒரு விஷயம் ஒங்க யாரு கண்ணுலயும் படல பாரு. 2022-ல கரண்டு கட்டணத்த ஏத்துனப்ப, அடுக்குமாடியில மாடிப்படி லைட்டு, தண்ணி மோட்டாரு எல்லாத்தையும் வூட்டுக் கணக்குலேருந்து எடுத்துத் தனிக் கணக்குல வச்சாங்க, யூனிட்டு 8 ரூவான்னு. மறு வருஷம் அது 8 ரூவா 15 காசு ஆச்சு. சனங்க சத்தம் போட்டாங்க. 2023 அக்டோபர்ல முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு அறிவிப்பு வுட்டாரு. பத்து வூட்டுக்கு மேல போகாம, மூணு மாடிக்கு மேல போகாம, லிஃப்டும் இல்லாத கட்டடமா இருந்தா அந்தப் பொதுக் கரண்டு யூனிட்டு 5 ரூவா 50 காசுன்னு. ஒங்க கட்டடத்துக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை அது. பத்து வூடு, கீழ நடுவுல மேலன்னு மூணே அடுக்கு, லிஃப்டு இல்ல. லிஃப்ட மாட்டினீங்கன்னா, லிஃப்டு விலையோட போவாது, வருஷா வருஷம் கம்பெனிக்காரனுக்குக் கட்டற பராமரிப்புக் காசோடயும் போவாது. தண்ணி மோட்டாரு ஓடற கரண்டுக்கும் சேத்து ஒசந்த கட்டணத்துக்குப் போயிடுவீங்க. அதுக்காக லிஃப்டு வேணாம்னு நான் சொல்லல. முட்டி வலின்னா என்னான்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தக் கணக்கச் சொல்லிட்டு ஓட்டு கேட்டிருக்கணுமா இல்லியா? யாரும் சொல்லல. ஏன்னா கரண்டு பில்லு பொருளாளரு கையில இருக்கு. பொருளாளரு யாருங்கறத அப்பறம் பேசுவோம்.

மொட்ட மாடி ஒழுகல் இருக்கே, அது இன்னும் அழகு. வத்தல் காயப் போட, துணி ஒலத்த, பொடிசுங்க பட்டம் வுட, தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு செல்லு பேச, எல்லாத்துக்கும் மொட்ட மாடி பத்து வூட்டுக்கும் பொது. மழை பேஞ்சி ஒழுகினா மட்டும் அது மேல் வூட்டுக்காரனோட கூரை. "ஒன் கூரை, நீ பாத்துக்க." சம்பந்திகிட்ட கேட்டன். பத்திரத்துல எவனுக்கும் தனியா எழுதிக் குடுக்காத வரைக்கும் மொட்ட மாடி பொதுச் சொத்து, ஒழுகல அடைக்கற செலவும் பொதுச் செலவுன்னாரு. அதே சட்டந்தான் கீழயும். சம்பு நாறினா, செப்டிக் டேங்கு பொங்கினா, அது கீழ் வூட்டுக்காரன் மூக்குக்கு மட்டும் சொந்தமில்ல. மேல இருக்கறவன் காத்தோட்டமா நின்னு "எனக்கு நாத்தம் வரலியே"ன்னு சொல்லக்கூடாது. 2015 வெள்ளத்துல ஒங்க வேளச்சேரிப் பக்கம் கீழ் வூட்டுக்காரங்க பட்ட பாடு எல்லாரும் பாத்ததுதான. அன்னிக்கு மேல் வூட்டுலதான எல்லாரும் ஒன்னாச் சோறு தின்னாங்க? அன்னிக்கு யாரும் சதுர அடி பாக்கல.

சதுர அடின்னதும் ஞாபகம் வருது. எங்க ஊருல தலைக்கட்டு வரின்னு ஒன்னு உண்டு. கோயில் திருவிழான்னா கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் ஒரு தலைக்கட்டு, எல்லாருக்கும் ஒரே காசு. நாலு ஏக்கர் வச்சிருக்கறவனும் அதே, நாத்து நட்டுப் பொழைக்கறவனும் அதே. சாமி முன்னாடி எல்லாரும் சமம்னு பேசிக்குவோம். காசு குடுக்கும்போது மட்டும் சமம்னு பேசறதுல நாலு ஏக்கர்க்காரனுக்கு எவ்ளோ வசதின்னு யாரும் பேச மாட்டோம். ஒங்க சங்கத்துலயும் அதே கதைதான் நடக்குது. பெரிய வூட்டுக்காரன் "வூட்டுக்கு இவ்ளோன்னு ஒரே காசு போடுங்க, அதான் சமத்துவம்"ங்கறான். சின்ன வூட்டுக்காரன் "சதுர அடிக்கு இவ்ளோன்னு போடுங்க, அதான் நீதி"ங்கறான். அவனவன் வசதிக்கு ஒரு கொள்கை. பத்திரத்த எடுத்துப் பாரு. பிரிபடாத பாகம்னு நிலத்துல ஒனக்கு இத்தன சதுர அடின்னு எழுதியிருக்கும். பொதுச் செலவ அந்தப் பாகத்த வச்சித்தான் பிரிக்கணுங்கறது சட்டம். சென்னை ஹைகோர்ட்டு வரைக்கும் இந்தச் சண்டை போயி அப்படித்தான் முடிஞ்சிதுன்னு சம்பந்தி சொன்னாரு. அதுக்கு ஹைகோர்ட்டு எதுக்கு மாப்ள? பத்திரம் ஒன் பீரோவுலதான இருக்கு.

ஒங்களுக்கு வாய்ச்ச நிலத்துக்காரர் கதையத்தான் நான் டீக்கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சன். நிலத்தக் குடுத்தாரு, பில்டரு கட்டினான், அவரு பங்குக்கு மூணு வூடு. ஒன்னுல அவரு, ரெண்டு பூட்டிக் கெடக்கு. மெயின்டனன்ஸ் கேட்டா, "பூட்டிக் கெடக்கற வூட்டுக்கு எதுக்குங்க? அங்க யாரு தண்ணி புடிக்கறா, யாரு லைட்டு போடறா?"ங்கறாரு. ஓட்டுன்னு வந்தா, "எனக்கு மூணு வூடு, மூணு ஓட்டு"ங்கறாரு. பூட்டின வூடு காசுக்குத் தூங்குது, ஓட்டுக்கு முழிச்சிக்குது. பலே ஆளு. அவரக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, நான் அந்த எடத்துல இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பன். குத்தம் எங்கன்னா, ஒரு வூட்டுக்கு ஒரு ஓட்டா, ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டா, பாக்கிக்காரனுக்கு ஓட்டு உண்டா, வராதவன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற சீட்டு செல்லுமா, இது எதையும் பைலாவுல பாக்காம கூட்டத்த ஆரம்பிச்சீங்க பாரு, அங்கதான். சண்டை தொடங்கின அப்பறம் விதி தேடினா, அவனவன் தன் கட்சிக்கு ஏத்த விதியத்தான் கண்டுபிடிப்பான்.

சரி, நீ எங்கிட்ட வந்தது ஞாயம் கேக்க இல்லன்னு எனக்குத் தெரியும். ஓட்டுல ஜெயிக்கறது எப்படின்னு கேக்க வந்த. சொல்றன், எழுதிக்க. கூட்டத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வையி. கறிச்சோறு தின்னவன் எழுந்து வர மாட்டான். வந்தாலும் கண்ணு சொருகும். இன்னும் ஒசத்தி, ஆடி பதினெட்டு அன்னிக்கு, இல்லன்னா கிரிக்கெட்டு ஃபைனல் அன்னிக்கு வையி. நோட்டீச மாடிப்படிக்கு அடியில, மீட்டரு பொட்டிக்குப் பின்னால ஒட்டு. ஒட்டினது ஒட்டினதுதான, சட்டம் ஒன்னும் கேக்க முடியாது. கூட்டம் ஆரம்பிச்சதும் நாய்ப் பிரச்சினைய எடு. ரெண்டாம் மாடி நாய் யாரு கார் மேல ஒன்னுக்கு அடிச்சிதுன்னு ஆரம்பிச்சா ஒன்றரை மணி நேரம் போயிடும். அடுத்து செருப்பு ஸ்டாண்டு. வாசல்ல வைக்கலாமா வைக்கக்கூடாதா. அதுல ஒரு மணி நேரம். எல்லாரும் களைச்சி, வூட்டம்மா கூப்படறா, புள்ள அழுவுதுன்னு எழுந்திருக்கும்போது, "இந்த வருஷக் கணக்கு ஏறக்குறையச் சரியா இருக்கு, ஏத்துக்கறவங்க கையத் தூக்குங்க"ன்னு சொல்லு. கதவத் தொறக்கத் தூக்கின கையும் கணக்குல சேந்துடும்.

கொட்டேஷன் மூணு வேணும்பானுங்க. அதுக்கு என்னா, பெயிண்டுக்காரன் ஒருத்தன்கிட்டயே மூணு லெட்டர்பேடு வாங்கிக்க. தப்பில்லாம மூணும் வேற வேற தொகையா இருக்கணும், அத மட்டும் பாத்துக்க. எங்க ஊருல ஒருத்தன் அவசரத்துல மூணுலயும் ஒரே எழுத்துப்பிழைய வுட்டு மாட்டிக்கிட்டான். கேள்வி கேக்கறவன் எவனாவது இருந்தா அவனையே "அப்ப நீங்களே செகரட்டரியா வாங்க சார்"னு சொல்லு. நிச்சயமா வாய மூடிக்குவான். பதவிக்கு வர மாட்டான், கணக்கும் கேக்க மாட்டான், வாட்ஸப்புல மட்டும் ராத்திரி பதினொன்னரைக்கு ஒரு குட்மார்னிங்குக்கு அடியில ரெண்டு வரி குத்தலா எழுதுவான். அதுக்கு நீ கட்டைவெரலு பொம்மைய அனுப்பிட்டுப் படுத்துத் தூங்கலாம்.

என்னா மாப்ள சிரிப்பு நின்னுபோச்சி? இதுல பாதி நீங்க ஏற்கனவே பண்ணிட்டதுதான்னு நெனைக்கறன்.

இப்பக் கொஞ்சம் பழைய கதை கேளு. ஒங்க சென்னைக்கு வர்ற தண்ணியில எங்க ஏரித் தண்ணியும் உண்டு. வீராணம். அதுக்கு அந்தப் பேரே பராந்தக சோழனோட பட்டப்பேருலேருந்து வந்தது, வீரநாராயணன் ஏரி. அதே ராசா காலத்துலதான் உத்திரமேரூர்க் கோயில் சுவத்துல தேர்தல் சட்டத்தக் கல்லுல வெட்டி வச்சாங்க. மொதல்ல 919-ல. அதுல ஓட்டை இருந்ததால 921-ல மறுபடி திருத்தி எழுதினாங்க. ரெண்டே வருஷத்துல பைலாவத் திருத்தியிருக்கான் பாரு. ஒங்க பைலா பில்டர் குடுத்த நாள்லேருந்து எவன் தொட்டான்?

ஊர முப்பது குடும்பா, அதாவது வார்டாப் பிரிச்சி, குடும்புக்கு நிக்கத் தகுதியுள்ளவங்க பேர ஓலையில எழுதி, கொடத்துல போட்டு, எல்லாரும் பாக்கறபடி ஒரு வயசான பூசாரி கொடத்தத் தூக்கிக் காட்டணும். அப்பறம் உள்ள என்னா இருக்குன்னே தெரியாத ஒரு சின்னப் புள்ளய வுட்டு ஓலை எடுக்கணும். எடுத்த ஓலைய வாங்கறவன் அஞ்சு வெரலையும் விரிச்சி உள்ளங்கையில வாங்கணும். ஏன் விரிக்கணும்? இடுக்குல இன்னொரு ஓலை வச்சிருப்பான்னு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளு எவ்ளோ சந்தேகப்பட்டிருக்கான் பாரு, அங்கதான் எனக்கு அவன் மேல மரியாத வந்தது. முந்தின மூணு வருஷத்துல பதவியில இருந்தவன் பேர ஓலையில எழுதவே கூடாது. வாரியத்துல உக்காந்தவனுக்கு 360 நாளுதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம்னு தனித்தனி வேல.

அத வுட முக்கியம் ஒன்னு. பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாம வுட்டவன் மறுபடி நிக்க முடியாது. அவன் மட்டும் இல்ல. அவன் அப்பன், புள்ள, அண்ணந்தம்பி, மாமனாரு, மச்சான், மருமவன், சித்தி மவன், பெரியம்மா மவன், அத்தை மவன், மாமன் மவன், அக்கா மவன் வரைக்கும் ஒருத்தனும் நிக்க முடியாது. அக்கா மவன்னு போட்டிருக்கு, கவனிச்சிக்க. அதனாலதான் நான் தீமிதி கணக்க வருஷா வருஷம் ஒழுங்கா ஒப்படைச்சிட்டு வந்தன். என்னால ஒன் பேரு கெடக்கூடாது பாரு.

ரொம்பப் புல்லரிச்சிப் போவாத. அந்தக் கல்வெட்டுல நிக்கறதுக்குத் தகுதின்னு ஒரு பட்டியலும் இருக்கு. வரி கட்டற நெலம் கால் வேலிக்கு மேல, சொந்த மனையில வூடு, 35-லேருந்து 70 வயசு, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது பிராமணச் சபை. பொம்பளைங்க பேரும், ஏரிய வெட்டின கூலிக்காரன் பேரும் கொடத்துக்குள்ளயே போயிருக்காது. எனக்கும் எழுவது தாண்டிப்போச்சி, எப்படிப் பாத்தாலும் எடமில்ல. மேடையில சோழர் கால ஜனநாயகம்னு பேசறவங்க இந்தப் பட்டியல மெதுவா முழுங்கிடுவாங்க. எல்லாருக்கும் ஓட்டு அங்க இல்ல. ஆனா கணக்குக் காட்டாதவன வெளியில நிறுத்தற ரோஷம் இருந்தது. ஒங்ககிட்ட எல்லாருக்கும் ஓட்டு இருக்கு, அந்த ரோஷத்ததான் காணல.

தீமிதின்னு சொன்னனே. எங்க ஊரு திரௌபதியம்மன் கோயில்ல ஒரு வருஷம் கூத்தா, பாட்டுக் கச்சேரியான்னு சண்டை வந்தது. பெரியவங்களுக்குப் பத்து ராத்திரி பாரதக் கூத்து வேணும். பையங்களுக்கு ஒரு ராத்திரி சினிமாப் பாட்டு வேணும். தலைக்கட்டு வரி ரெண்டு தரப்பும் குடுக்குது. நான் கையத் தூக்கச் சொல்லல. தூக்கியிருந்தா பையங்கதான் ஜெயிச்சிருப்பானுங்க, அது எனக்குத் தெரியும், அதனாலயும் சொல்லல. போன வருஷக் கணக்கக் கோயில் வாசல்ல ஒக்காந்து சத்தமாப் படிச்சன். பூ எவ்ளோ, வெறகு எவ்ளோ, சீரியல் லைட்டு எவ்ளோ, மைக்செட்டு எவ்ளோ, கூத்துக்காரங்களுக்கு எவ்ளோ. படிச்சி முடிக்கும்போதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிது, பத்து ராத்திரிக் கூத்துக்காரங்களுக்குக் குடுத்த காச வுட லைட்டுக்கும் மைக்செட்டுக்கும் போனது அதிகம்னு. பையங்க அவங்களாவே எழுந்து, "லைட்டப் பாதியாக் கொறைங்க, மிச்சத்துல ஒரு ராத்திரி பாட்டு வச்சிக்கறோம்"னானுங்க. கூத்தும் நடந்தது, பாட்டும் நடந்தது. பாட்டு சகிக்கல, அது வேற விஷயம்.

நீங்க என்னா பண்றீங்க, கணக்கப் படிக்கறதுக்கு முன்னாடியே ஓட்டு எடுக்கறீங்க. லிஃப்டு வேணுமா வேணாமான்னு கேட்டா அஞ்சுக்கு அஞ்சு. கையிருப்பு எவ்ளோன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சம்பந்தி சொல்ற சட்டமும் இதுக்கு மேல பெரிசா ஒன்னும் கேக்கல. ஒங்க சங்கம் 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிஞ்சது. வருஷத்துக்கு ஒரு தடவ பொதுக்குழு கூட்டணும், கணக்கத் தணிக்கை பண்ணணும், மாவட்டப் பதிவாளர் ஆபீசுல தாக்கல் பண்ணணும். பைலாவத் திருத்தணும்னா 21 நாள் முன்னாடி நோட்டீசு குடுத்துக் கூட்டத்தக் கூட்டி, வந்து ஓட்டுப் போடறவங்கள்ள நாலுல மூணு பங்கு ஒத்துக்கணும். செகரட்டரி ராத்திரி வாட்ஸப்புல "இனிமே இப்படித்தான்"னு போட்டா அது பைலா ஆயிடாது. உறுப்பினருங்க மூணுல ஒரு பங்கு பேரு எழுதிக் குடுத்தா பதிவாளரு உள்ள வந்து சங்கத்து நடவடிக்கைய விசாரிக்கலாம். ஒங்க கணக்குக்கு நாலு பேரு கையெழுத்து போதும். நாலே நாலு. ஒங்க கட்டடத்துல ஒரே விஷயத்துல நாலு பேரு ஒன்னாச் சேர்றது நடக்காத காரியம்னு தெரிஞ்சிதான் எல்லாரும் தைரியமா இருக்கீங்க.

நிலத்துக்காரரு "கட்டடத்த இடிச்சிட்டு ஒசரமாக் கட்டுவோம்"னு இப்பவே ஆழம் பாக்கறாராமே. 2022-ல அடுக்குமாடி உரிமைக்குப் புதுச் சட்டம் கொண்டாந்தாங்க, 2024-ல அமலுக்கு வந்தது. அதுல இடிச்சிக் கட்ட எல்லாரும் சம்மதிக்கணும்னு இல்ல, மூணுல ரெண்டு பங்கு பேரு போதும். பத்து வூட்டுல ஏழு. அவரு கையில மூணு. இன்னும் நாலு பேரத்தான் அவரு டீக்குக் கூப்பிடணும். செருப்பு ஸ்டாண்டுக்கு மூணு கூட்டம் போட்ட நீங்க இதப் பத்தி ஒரு கூட்டங்கூட போடல. சின்னச் செலவுக்குத்தான் மனுஷன் வாய் தொறப்பான். பெரிசு வந்தா, "அவங்க பாத்துப்பாங்க"ன்னு வுட்டுடுவான்.

நாங்க பெருசப் பாத்தவங்கப்பா. அறுவதுகளோட கடைசியில வீராணத்துத் தண்ணியச் சென்னைக்குக் கொண்டுபோறோம்னு திட்டம் ஆரம்பிச்சாங்க. ஆளு நிமிந்து நடந்து போற அளவுக்குக் கான்கிரீட்டுக் குழாயிங்க ரோட்டோரமா வந்து எறங்கினது. நான் எளந்தாரி அப்ப. திட்டம் பாதியில நின்னுபோச்சி. குழாயிங்க அங்கயே கெடந்தது, வருஷக்கணக்கா. வூடில்லாத சனங்க அதுக்குள்ள அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினாங்க. 1976-ல சர்க்காரியா கமிஷன் வந்து வெசாரிச்ச விஷயங்கள்ல வீராணமும் ஒன்னு. யாரு சரி, யாரு தப்புன்னு நான் இப்பப் பஞ்சாயத்து வைக்கல. தண்ணி சென்னைக்குப் போய்ச் சேந்தது 2004-ல, புது வீராணம் திட்டத்துல, சேத்தியாத்தோப்புலேருந்து 200 கிலோமீட்டருக்கு மேல. ஒங்க மோட்டாரு தண்ணிய ஏத்த வேண்டியது மொட்ட மாடித் தொட்டி வரைக்குந்தான். அந்த மோட்டாருக்குக் காயிலு கட்டின பில்லு எங்கன்னு நீங்க நாலு மாசமா அடிச்சிக்கறீங்க.

ஓ.எம்.ஆர். பக்கம் நூறு, எரநூறு வூடு இருக்கற சங்கத்துக்கு வேற தலைவலி. வருஷ வரவு 20 லட்சத்தத் தாண்டி, ஆளுக்கு மாசம் 7,500 ரூவாய்க்கு மேல மெயின்டனன்ஸ் வாங்கினா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தக் காசுக்குமா, 7,500-க்கு மேல போனதுக்கு மட்டுமான்னு சண்டை வந்து, கிரீன்வுட் ஓனர்ஸ் அசோசியேஷன் கேஸுல 2021 ஜூலையில ஹைகோர்ட்டு மேல போனதுக்கு மட்டும்னு சொல்லிச்சி. ஒங்களுக்கு அந்தக் கவல வராது. ஒங்க சங்கத்துல மாசம் வாங்கறது ரெண்டாயிரம், அதுலயும் மூணு பேரு பாக்கி.

இப்ப அந்தப் பொருளாளரு விஷயத்துக்கு வருவோம். வந்த நேரத்துலேருந்து நீ செகரட்டரியத் திட்டின, நிலத்துக்காரரத் திட்டின, கீழ் வூட்டுக்காரர, மேல் வூட்டுக்காரர, அவங்க நாயைக் கூட வுடல. பொருளாளர மட்டும் ஒரு வார்த்த சொல்லல. எனக்கு அப்பவே புரிஞ்சிது. ஒங்கம்மாதான் பெருமையாச் சொன்னா, "எம் புள்ளதான் அங்க பொருளாளரு, வந்த வருஷத்துலேருந்து அவன்தான், யாரும் எதுத்து நிக்கலியாம்"னு. எதுத்து யாரும் நிக்கலன்னா நீ நல்லவன்னு அர்த்தமில்ல மாப்ள, வேல கஷ்டம்னு அர்த்தம். காச நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும், நம்ம குடும்பத்துல அதுக்குச் சாமர்த்தியமும் பத்தாது. ஆனா பில்லெல்லாம் ஒன் செல்லுல ஃபோட்டோவா இருக்கு, கொஞ்சம் கார் டேஷ்போர்டுல இருக்கு, கொஞ்சம் துணி தொவைக்கும்போது போயிடுச்சி. கேட்டவன்கிட்ட "என் மேலயே சந்தேகமா?"ன்னு கோவப்பட்டிருக்க. உத்திரமேரூர்ல வெரல விரிக்கச் சொன்னப்ப எவனும் கோவப்படல.

கமிட்டிக்காரன் பதவி மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, வேணும்னா மறுபடி தேர்ந்தெடுத்துக்கலாங்கறது சட்டம். நீ உக்காந்து இந்தத் தையோட நாலு வருஷம் முடியுது, நடுவுல தேர்தலே நடக்கல. வர்ற கூட்டத்து நோட்டீச எனக்கும் காட்டினியே, அதுல கணக்கு ஏழாவதா இருக்கு, நாய்க்கும் செருப்புக்கும் அப்பறம். அத ஒன்னாவதா தூக்கிப் போடு. பில்லு இருக்கறத வரிசையா ஒட்டிக் கொண்டுபோ, இல்லாதத இல்லன்னு எழுது. படிச்சி முடிச்சிட்டுப் பதவிய வுட்டு எறங்கு. மறுபடி வேணும்னு கூப்பிட்டா நில்லு. லிஃப்டுக்கு ஓட்டு அதுக்கப்பறம் எடுக்கட்டும்.